குடைக்காரி திரும்பிய தெரு

என் வண்டிக்கு விசிலாகவும் என் வீட்டுக்கு மச்சானாகவும் வாய்த்த தங்கள் சமூகத்துக்கு,

தங்கள் விசிலுக்குக் கட்டுப்பட்டு இத்தனை காலம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவரும், தங்கள் தங்கச்சியின் புருஷனுமாகிய நான், கடல் தாண்டி வந்த இந்தப் பழைய ஊரில், ஒரு கால் குட்டையான மேஜைமுன் உட்கார்ந்து பணிவுடன் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். தங்கள் வீட்டுக் கூடத்தில், காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் வேலை வாங்கிக்கொண்டிருப்பவளும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு விண்ணப்பம். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், "உன் வீட்டுக்காரர் எழுதியிருக்கார் பாரு!" என்று கூவிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவிடாதீர்கள். முதலில் மொட்டைமாடிக்குப் போய்த் தனியாகப் படியுங்கள். எதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், எதை வாய்க்குள் முழுங்க வேண்டும் என்று அங்கங்கே குறித்திருக்கிறேன். ஓடுகிற வண்டியில், ஒற்றைக்காலில் நின்று சில்லறை எண்ணிய உங்களுக்கு இது ஒரு வேலையா?

போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பீர்கள். உங்கள் தங்கச்சியின் உத்தரவு. கிளம்புகிற அன்று கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: "போன்ல நீங்க 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டீங்க. உங்க 'ம்'மை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உட்கார்ந்து எழுதுங்க. அண்ணன் படிக்கட்டும், நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கறேன்." சரி, போட்டோவாவது எடுத்து அனுப்பட்டுமா என்றேன். "போட்டோ எதுக்கு? நாலு மூலைக்குள்ள அடங்கினதைத்தான் இத்தனை வருஷமா பாத்துட்டேனே!" என்றாள். அவள் சொன்னது அந்த டயர் கடைக் காலண்டர் படத்தை. உங்களுக்குத் தெரியாததா! நாம் டூட்டியில் இருந்த காலத்தில் டயர் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் ஒரு தாளை மட்டும் கிழித்து அடுப்புக்கு மேலே ஒட்டினாளே, அதுதான். கல் பாவிய ஒரு சந்து, மஞ்சள் சுவர், நீலக் கதவு, சாய்த்து வைத்த சைக்கிள். சந்து முடிகிற முக்கில் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும் ஒரு சிவப்புக் குடையின் ஓரம். குடை மட்டும்தான், ஆள் தெரியாது. அடியில் பொடி எழுத்தில் இந்த ஊர்ப் பெயர்.

அந்தக் குடைக்காரி எங்கே போகிறாள் என்பதுதான் எங்கள் வீட்டில் தினசரிப் பேச்சு. தாளிக்கும்போது அண்ணாந்து பார்ப்பாள். "இன்னிக்கு மாமியாரோட சண்டை போல, அம்மா வீட்டுக்குப் போறா" என்பாள். மறுநாள், "இன்னிக்குத் தையல் கடைக்கு. ரவிக்கை இறுக்கிப் பிடிக்குதுன்னு திருப்பிக் கொடுக்கப் போறா" என்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு "ம்" என்பேன். "அந்த முக்கைத் தாண்டி என்ன இருக்குன்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டா எனக்குப் போதும்" என்று எப்போதோ சொன்னதை மகள் நினைவில் வைத்திருந்து, சம்பாதிக்க ஆரம்பித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்தாள். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு உங்கள் தங்கச்சி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். நானும் போகவில்லை என்றுதான் சொன்னேன், மச்சான். "ரெண்டு பேரும் போகாட்டி அந்த முக்குல என்ன இருக்குன்னு யாரு பாத்துச் சொல்றது? நீங்க போகலைன்னா இந்தக் கட்டோட எந்திரிச்சு வந்து தள்ளி விடுவேன்" என்றாள். படத்தையாவது கொடு, அடையாளம் காட்டிக் கேட்பேன் என்றால், "அதை நீங்க எடுத்துட்டுப் போயிட்டா நான் எதைப் பாக்கறது?" என்று பிடுங்கிக்கொண்டு, உங்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்ட வைத்துவிட்டாள். ஆக, கையில் படம் இல்லாமல், பக்கத்தில் ஆள் இல்லாமல், மண்டையில் ஒரு முக்கை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விமானத்திலேயே தொடங்கிவிட்டது. என் பக்கத்து ஸீட் உங்கள் தங்கச்சியுடையது. காலியாகக் கிடந்தது. கை தானாகத் தோளுக்குப் போய்விட்டது. துண்டை எடுத்து அதில் போட்டுவிட்டேன். பயணிகள் துண்டு போட்டு இடம் பிடிப்பதை எத்தனை வருஷம் கண்ணாடியில் பார்த்துத் திட்டியிருப்பேன்! பணிப்பெண் வந்து துண்டை மடித்துக் கொடுத்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் திரும்பவும் போட்டேன். பின்னால் இருந்த ஒரு பெரிய மனுஷன் காலை நீட்ட அந்த ஸீட்டுக்கு வந்தார். "ஆள் வருது" என்றேன். மேகத்துக்கு மேலே எந்த ஸ்டாப்பில் ஏறப்போகிற ஆள் என்று அவர் கேட்கவில்லை, பயந்துபோய்த் திரும்பிவிட்டார்.

ஊர் வந்து சேர்ந்தேன். என்ன ஊர் மச்சான் இது! தெரு எல்லாம் நம் டிப்போ ஆபீஸ் வராந்தா அகலம்கூட இல்லை. நம் வண்டியை உள்ளே விட்டால் ரெண்டு பக்கமும் உராய்ந்து பெயின்ட் போய்விடும். ரிவர்ஸ் எடுக்க அடுத்த ஊர்தான் போக வேண்டும். மஞ்சள் சுவர், நீலக் கதவு என்று தேடினால், பாதி ஊர் மஞ்சள், மீதி ஊர் நீலம். சைக்கிளோ வீட்டுக்கு வீடு சாய்ந்திருக்கிறது. முக்குக்கு முக்கு இடது பக்கம் திரும்பித் திரும்பி, புறப்பட்ட ரொட்டிக் கடை வாசலுக்கே வந்து நிற்பேன். கடைக்காரன் முதலில் சிரித்தான், அப்புறம் கவலைப்பட்டான். யாரிடமும் வழி கேட்கவில்லையா என்று கேட்காதீர்கள். ரூட்டில் இருக்கிற டிரைவர் கீழே இறங்கி வழி கேட்டால் வண்டியில் இருக்கிறவன் என்ன நினைப்பான்?

ஒன்று சொல்கிறேன், இதை வாய்க்குள் படியுங்கள். நானும் உங்கள் தங்கச்சியும் எப்படி நடப்போம் என்று உங்களுக்குத் தெரியும். நான் முன்னால், அவள் பின்னால். பெண்டாட்டியை விட்டுவிட்டு விறுவிறுவென்று போகிறான் பார் என்று நாலு பேர் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஸ்டியரிங்தான் என் கையில்; விசில் அவள் வாயில். "சைக்கிள் வருது, ஒதுங்குங்க." "அந்தக் கடையைத் தாண்டிட்டீங்க." "நில்லுங்க, செருப்பு வார் அறுந்துடுச்சு." "ம், இப்ப போங்க." அவள் குரல் பின்னால் வந்துகொண்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டுகூட நான் நடப்பேன். இங்கே என்னடாவென்றால், தெரு முனை வந்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து "போங்க" வர வேண்டும். வராது. நிற்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், ஏதோ சிலை என்று நினைத்து. ஒருநாள் பெரிய ரோட்டு ஓரத்தில் இப்படி நிற்கும்போது, பின்னால் பீப் பீப் என்று ரெண்டு விசில். எனக்கு உயிர் வந்தது. ஒரு விசில் என்றால் நிற்பது, ரெண்டு விசில் என்றால் கிளம்புவது, நீங்கள் பழக்கியதுதானே! நிம்மதியாக நடுரோட்டில் இறங்கி நடந்தேன். ஊதினவர் டிராபிக் போலீஸ்காரர். ரோட்டைக் கடக்காதே என்று எனக்கு ஊதியிருக்கிறார். லாரி, டிராம், குதிரை வண்டி எல்லாம் கிறீச்சிட்டு நின்றன. அவர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஓரத்தில் விட்டு, என் முகத்தருகில் இன்னும் ரெண்டு ஊதினார். நான் மறுபடி கிளம்பிவிட்டேன். கடைசியில் பாவம், அவரே கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்.

இனி வருவதையும் வாய்க்குள்தான் படிக்க வேண்டும். முக்கியமாக இதை அவள் கேட்கக் கூடாது. நான் தங்கியிருப்பது ஒரு பழைய வீட்டு மாடி அறையில். வீட்டுக்கார அம்மாவுக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. நான் தமிழில் பேசுவேன், அவர் அவருடையதில் பேசுவார், இருவரும் தலையாட்டுவோம். முதல் நாள் காலையில் டீ வேண்டும் என்று சைகை காட்டியபோது, பழக்கதோஷம், ரெண்டு விரலைக் காட்டிவிட்டேன். ரெண்டு கோப்பை வந்தது. ஒன்றை எனக்கு எதிரே, காலி நாற்காலிமுன் நகர்த்தி வைத்துவிட்டு என்னுடையதைக் குடித்தேன். கதவோரம் நின்று பார்த்த அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மறுநாளும் ரெண்டு கொண்டுவந்து, அவரே அந்தக் கோப்பையை அங்கே வைத்து, என் தோளைத் தட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, அப்படியெல்லாம் இல்லை தாயே என்று எழுந்து, வழுக்கி விழுந்தாள், கால் போச்சு, படுத்திருக்கிறாள் என்று நடித்துக் காட்டினேன். வழுக்கினேன், விழுந்தேன், தரையில் கண்ணை மூடிப் படுத்தேன். படுத்தது தப்பு, மச்சான். அந்த அம்மா ஓவென்று அழுதுவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. ரொட்டிக் கடைக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் எனக்கு ரொட்டி கொடுத்தான். எதிர் வீட்டுத் தாத்தா சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து வெகு நேரம் குலுக்கினார். பூக்கடைப் பெண் வெள்ளைப் பூவாகப் பார்த்து ஒரு கொத்து கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். நல்லா இருக்கிறவளை, அங்கே உங்களையும் அக்காவையும் அதட்டிக்கொண்டு நூறு வயசு இருக்கப்போகிறவளை, நான் ஒருத்தன் இந்த ஊருக்கு வந்து, ச்சே, வாயைக் கழுவ வேண்டும். கழுவினேன். பூவை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு அந்த ரெண்டாவது கோப்பை டீயையும் நானே குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது, அவளுக்குப் பிடித்த மாதிரி.

அதோடு போயிற்றா? மறுநாள் அவள் போன் செய்தாள். "சாப்டீங்களா?" "ம்." "குளிருக்கு மப்ளர் போட்டீங்களா?" "ம்." "அந்த முக்கு கிடைச்சுதா?" "ம்ஹூம்." "நான் இல்லாம ஒழுங்கா நடக்கத் தெரியுதா?" நான் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. முகமும் கொஞ்சம் மலர்ந்திருக்கும். வீட்டுக்கார அம்மா துடைப்பத்தோடு நின்று, போனில் வருகிற பொம்பளைக் குரலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெண்டாட்டி போய் ஈரம் காயவில்லை, அதற்குள் இவனுக்கு வேறொருத்தியா என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து டீயில் சர்க்கரை நின்றது. ஒரு கோப்பைதான். குளிக்க வெந்நீர் இல்லை. ரொட்டிக் கடைக்காரன் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டான். எதிர் வீட்டுத் தாத்தா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பச்சைத் தண்ணீரில் எத்தனை நாள் குளிப்பது? மகள் சொல்லிக்கொடுத்தபடி, முகம் தெரிகிற மாதிரி போன் போட்டு வீட்டுக்கார அம்மா முன்னால் நீட்டினேன். நீங்கள் அப்போது கடைக்குப் போயிருந்தீர்களாம். உங்கள் தங்கச்சி தலையணையில் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் காலைக் காட்டினேன், வழுக்கினேன், விழுந்தேன், இந்தத் தடவை படுக்கவில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. போனைப் பிடுங்கி முத்தம் கொடுத்து அழுது, அவர் பாஷையில் பேச ஆரம்பித்தார். "எதுக்குங்க அந்தம்மா அழறாங்க?" என்றாள் இவள். "குளிர்" என்றேன். அப்புறம் ரெண்டு பேரும் ரெண்டு பாஷையில் பேசினார்கள் பாருங்கள்! ஒருத்தர் சொன்னது ஒருத்தருக்குப் புரியாமல், ஒரு இடத்தில்கூட முட்டாமல், என்னைப் பற்றி மட்டும் ஒரே முடிவுக்கு வந்து, ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பேச்சின் நடுவே இவள் போனைத் திருப்பி அலமாரிக் கதவில் இருந்த படத்தைக் காட்டினாள். வீட்டுக்கார அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, கைதட்டிக் கூவினார். போனை அணைத்து, கதவோரம் இருந்த குடையை என் கையில் திணித்து, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். வழி தெரிகிறவர் முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். ரொட்டிக் கடைக்கு மூன்றாவது சந்து, மச்சான். தினமும் அதன் வாயைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். கதவுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள், அதனால்தான் தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா என்னைச் சந்தின் வாயில் நிறுத்தி, போ என்று கைகாட்டிவிட்டு நாசூக்காகத் திரும்பிவிட்டார்.

இங்கிருந்து சத்தமாகப் படியுங்கள். அவள் கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

நீ பார்த்த சந்துதான் இது. சுவர் அதே மஞ்சள். கையால் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் கதகதப்பாக இருந்தது. சைக்கிள் இல்லை, அது சாய்ந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. கல் வழுவழு என்று இருக்கிறது, நீ வந்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முக்குக்குப் போய் இடது பக்கம் திரும்பினேன். ஆஹா! ஒரு பெரிய முற்றம். நடுவில் பளிங்கு நீரூற்று, ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழும்புகிறது. அதில் தங்க மீன்கள், ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். சுற்றிலும் பூமரங்கள், மரத்துக்கு ஒரு பெஞ்சு. தையல் கடை இருக்கிறது, நீ சொன்னது சரிதான். அந்தக் குடைக்காரியும் இருக்கிறாள், வயசாகிவிட்டது, பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், மாமியார் சண்டை எல்லாம் தீர்ந்துவிட்டது. உன்னை ரொம்ப விசாரித்தாள். நீ நினைத்ததைவிட எல்லாம் நன்றாகவே இருக்கிறது. பார்த்தாகிவிட்டது. இனி நீ நிம்மதியாக இரு.

சத்தமாகப் படிப்பது இதோடு முடிந்தது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. படிப்பு ஓடட்டும், பிரேக்கும் பிடிக்கட்டும். மாவுக்கட்டுக்குள் அரித்தால் குச்சி விட்டுச் சொறிய விடாதீர்கள், கேட்க மாட்டாள், அதட்டுங்கள். தங்கள் குடும்பம் ஸ்டாப்பிங் தவறாமல், பங்க்சர் இல்லாமல் நெடுங்காலம் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் என்றும் முன்ஸீட்டுக்காரன்.

பின்குறிப்பு: மச்சான், இன்னும் மொட்டைமாடியில்தானே இருக்கிறீர்கள்? அந்தச் சத்தமாகப் படிக்கும் பகுதியில் முக்கு வரைக்கும்தான் நிஜம். அதற்கப்புறம் ஒரு வரிகூடப் படிக்காதீர்கள். நீரூற்றும் பொய், மீனும் பொய். ஒருவேளை அங்கே இருந்தாலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் அந்த முக்கில் திரும்பவே இல்லை.

முக்கு வரைக்கும் போனேன். ஒரு எட்டு வைத்தால் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் அலம்புகிற சத்தம் கேட்டது, ஒரு குழந்தை யாரையோ கூப்பிட்டது. என் கையில் குடைகூட இருந்தது. கால் நகரவில்லை. வண்டியில் டீசல் இருக்கிறது, கியர் போட்டாயிற்று, ரோடும் காலி. பின்னாலிருந்து விசில் வரவில்லை. நின்றேன். ஏணி தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தன் நகரச் சொன்னான், ஒதுங்கி வழிவிட்டேன், திரும்பவும் அங்கேயே நின்றேன். இத்தனை வருஷமும் அந்த முக்கைப் பார்த்தவள் அவள். நான் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிட்டவன். அவளுக்கு முன்னால் நான் எப்படிப் பார்ப்பது? பார்த்துவிட்டால் அப்புறம் அடுப்படியில் அவள் எதைப் பற்றிப் பேசுவாள்? நான் எதற்கு "ம்" சொல்வேன்? அவள் இல்லாமல் எனக்கு இந்த ஊர் வேண்டாம், மச்சான். எந்த ஊரும் வேண்டாம். அவள் குரல் வேண்டும்.

அதனால் மகளிடம் சொல்லி டிக்கெட்டை முன்னால் போடச் சொல்லிவிட்டேன், கிளம்பி வருகிறேன். அவ்வளவு தூரம் போய்ப் பார்க்காமல் வந்தீர்களா என்று திட்டுவாள். நன்றாகத் திட்டட்டும், எதிரே உட்கார்ந்து கேட்கிறேன். கட்டுப் பிரித்து, கால் ஊன்றி, அவள் நடக்க ஆரம்பித்ததும் ரெண்டு பேரும் வருவோம் என்று வீட்டுக்கார அம்மாவிடம் ரெண்டு விரலைக் காட்டிச் சொல்லிவிட்டேன்; அவர் ரெண்டு கோப்பையைக் காட்டினார். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பழைய விசில் இன்னும் பெட்டியில் கிடக்கிறதா? கிடந்தால் துரு போகத் தேய்த்துக் கழுவி, உங்கள் தங்கச்சி கையில் கொடுத்து வையுங்கள்.